கட்டுரை நகர மறுக்கும்போது: அறிகுறி வாரியாகத் தலைப்பைச் சரிசெய்யும் முறை

கட்டுரைப் போட்டி, கல்லூரி அசைன்மென்ட், குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாள் என எதை எடுத்தாலும், பழுது பெரும்பாலும் எழுதத் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. "எனக்குக் கட்டுரை எழுத வராது" என்று சொல்கிற பலருக்கும் எழுத வரும். தலைப்பை எப்படிக் கையாள்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் 'முன்னுரை' தொடங்கி 'முடிவுரை' வரை குறிப்புகளை நாமே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். குறிப்பை விரித்தே பழகிய கை, குறிப்பைத் தானே உண்டாக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

உங்கள் கட்டுரை எங்கே நின்றது என்று பார்த்து, கீழே அந்த அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் குறைவாகப் பிடிக்கும் காரணம் முதலில் இருக்கிறது, அதிகம் பிடிப்பது கடைசியில். தேவையானவை நாலு ஏ4 தாள், ஒரு பேனா, ஒரு கடிகாரம். கைப்பேசி பக்கத்து அறையில் இருக்கட்டும்.

ஓர் அளவை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். 250 சொல் கட்டுரை ஒரே ஒரு கருத்தைத் தாங்கும். 500 சொல்லுக்கு இரண்டு. 1000 சொல் என்றால் ஏழெட்டுப் பத்தி, அதாவது மூன்று கருத்து, அவற்றுக்கு ஒரு மறுப்பு. இதற்கு மேல் ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் மிஞ்சும்.

## அறிகுறி 1: பத்து நிமிடமாக வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்

1-அ. முன்னுரையிலிருந்து தொடங்கப் பார்க்கிறீர்கள்

இதுதான் அதிகம் நடப்பது. எதை அறிமுகப்படுத்துவது என்றே தெரியாதபோது அறிமுகம் எப்படி வரும்? முன்னுரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏழு நிமிடம் கடிகாரம் வைத்து, தாளிலிருந்து பேனாவைத் தூக்காமல், தலைப்பைப் பற்றி மனதில் வருவதையெல்லாம் எழுதுங்கள். அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. ஒன்றும் வரவில்லையென்றால் கடைசியாக எழுதிய சொல்லையே மறுபடி மறுபடி எழுதுங்கள்.

இதைப் பேச்சுத்தமிழிலேயே எழுதுங்கள். நம் மொழியில் இது சின்ன விஷயமில்லை. பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் தனித்தனியாக இருப்பதால், சொல்லைத் தேடும் வேலையும் கருத்தைத் தேடும் வேலையும் ஒரே நேரத்தில் மண்டையில் மோதுகின்றன. தோற்பது எப்போதும் கருத்துதான். "மொட்டமாடில வுழுற தண்ணி எங்க போவுதுன்னே எங்க பில்டிங்ல யாருக்கும் தெரியாது" என்று தாளில் விழுந்தால் போதும். எழுத்துத்தமிழாக்குவது ஒரு நிமிட வேலை. ஆங்கிலச் சொல் கலந்தாலும் கவலை வேண்டாம், யாரும் திருத்தப்போவதில்லை.

1-ஆ. கேள்வி என்ன கேட்கிறது என்பதே பிடிபடவில்லை

தலைப்பை, பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொல்வதுபோல ஒரே வரியில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையென்றால் வினைச்சொல்லைத் தேடுங்கள். 'விவரி' என்றால் இருப்பதைச் சொன்னால் போதும். 'ஆராய்க' என்றால் ஏன் அப்படி என்றும் சொல்ல வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் நல்லதையும் கெட்டதையும் நிறுத்து ஒரு தீர்ப்புக்கு வர வேண்டும். 'ஒப்பிடுக' என்று வந்தால் இரண்டு பொருளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். முதல் பாதி ஒன்று, மறுபாதி இன்னொன்று என்று எழுதி முடிப்பது ஒப்பீடு ஆகாது. வினைச்சொல்லே இல்லாத தலைப்பு என்றால் (போட்டித் தலைப்புகளில் பாதி அப்படித்தான்) அதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

1-இ. சரக்கே இல்லை

ஏழு நிமிடம் எழுதியதில் குறிப்பான பெயர்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு பொருள், ஒரு தொகை, ஒரு ஆள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சரக்கு இருக்கிறது, அறிகுறி 2-க்குப் போங்கள். மூன்று நான்கு இருந்தால் இன்னொரு ஏழு நிமிடம். மூன்றுக்கும் குறைவு என்றால் எத்தனை முறை யோசித்தாலும் ஊறாது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் போடுவதுபோல. ஒரு மணி நேரம் படியுங்கள், இல்லையென்றால் வேறு தலைப்பு எடுங்கள். தேர்வறையில் படிக்க வழியில்லை என்பதால், அங்கே தலைப்பைத் தேர்வு செய்வதே இந்தச் சோதனையை வைத்துத்தான். எந்தத் தலைப்பு அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எதில் அடிக்கோடு அதிகம் என்று பாருங்கள்.

## அறிகுறி 2: இரண்டு பக்கம் ஓடிவிட்டது, ஆனால் ஒன்றும் சொன்னமாதிரி இல்லை

முதல் பத்தி ஒரு குறளில் தொடங்கும். இரண்டாவதில் சிந்துவெளி வரும், மூன்றாவதில் உலக வெப்பமயமாதல். "இக்காலகட்டத்தில்", "அனைவரும் ஒன்றிணைந்து", "இன்றியமையாதது" ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம், தலைப்பு பெரிசு.

2-அ. தலைப்பை வெட்டவே இல்லை

சோதனை: உங்கள் தலைப்பை நூலக அலமாரியில் பெயர்ப்பலகையாக ஒட்ட முடியுமா? 'நீர் மேலாண்மை' என்று ஒட்டலாம். அப்படியானால் அதில் கட்டுரை எழுத முடியாது, அலமாரிதான் அடுக்க முடியும்.

வெட்டுவதற்கு நாலு கத்தி இருக்கிறது: இடம், காலம், ஆள், கூறு. 1000 சொல் கட்டுரைக்கு மூன்று வெட்டு, அதன்மேல் ஒரு முரண். தாளை அகலவாட்டில் திருப்பி, ஒரே கோடாக இப்படி எழுதுங்கள்:

நீர் மேலாண்மை → சென்னை (இடம்) → வீட்டு மழைநீர் சேகரிப்பு (கூறு) → 2003 முதல் 2019 வரை (காலம்) → கட்டாயமாக்கியும் தண்ணீர் ரயில் வந்தது (முரண்)

கோட்டின் கடைசியிலுள்ள இந்த முரண்தான் உயிர். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று 2003-இல் அவசரச் சட்டம் வந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கேள்வி தானாக எழுகிறது: சட்டம் போட்டு, குழாய் மாட்டி, பதினாறு ஆண்டு ஆகியும் ஏன் ரயில் தேவைப்பட்டது?

இதில் வழக்கமாகச் செய்யும் தவறு, ஒரே கத்தியால் மூன்று முறை வெட்டுவது. இந்தியா → தமிழ்நாடு → சென்னை → அடையாறு. ஊர்தான் சின்னதானது, அடையாறின் எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்பது இன்னும் தெரியாது. தலைப்புக்குப் பின்னால் 'ஓர் ஆய்வு', 'ஒரு பார்வை' என்று வால் சேர்ப்பதையும் வெட்டாக எண்ண வேண்டாம். அந்த வால் எதையும் குறைப்பதில்லை.

2-ஆ. வெட்டியாகிவிட்டது, ஆனால் கேள்வியாக மாறவில்லை

கோட்டின் கடைசியில் கேள்விக்குறி இருக்கிறதா? 'சென்னையில் மழைநீர் சேகரிப்பு, 2003–2019' என்பது வெட்டிய தலைப்புதான். ஆனாலும் அதில் எழுத உட்கார்ந்தால் திட்டத்தின் வரலாறு வரும், பயன்கள் வரும், படம் வரைந்து பாகம் குறிக்கக் கூடத் தோன்றும். 'ஏன்', 'எப்படி', 'எந்த அளவுக்கு' என்ற மூன்றில் ஒன்று இருந்தால்தான் பத்திகள் ஒரே திசையில் போகும். 'எப்போது', 'யார்' என்ற கேள்விகளுக்கு ஒரு வரி விடையே போதும், அதனால் அவற்றில் கட்டுரை நிற்காது. இன்னொரு சோதனை: உங்கள் விடையை விவரம் தெரிந்த ஒருவர் மறுத்துப் பேச முடியுமா? "மழைநீரைச் சேமிக்க வேண்டும்" என்பதை மறுக்க ஆளில்லை, ஆகவே அதை நிறுவவும் வேலையில்லை.

2-இ. கேள்வி இருக்கிறது, விடையைத் தாங்கக் கால் (காரணம்) இல்லை

பத்து நிமிடம் கொடுத்து, கேள்விக்கு மூன்று விடை எழுதிப் பாருங்கள். மேலே உள்ள கேள்விக்கு என்றால்:

ஒன்று, பராமரிப்பு. குழாயும் குழியும் ஒருமுறை போட்டதோடு சரி. குழியிலுள்ள ஜல்லியும் மணலும் சேறேறி அடைத்துப்போனால் தண்ணீர் கீழே இறங்காது, மேலே வழிந்து தெருவுக்குப் போகும்.

இரண்டு, மண். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கில் மழை கடகடவென இறங்கும். களிமண் பகுதியில் அதே குழி குளம்போல நிற்கும். சட்டமோ எல்லோருக்கும் பொது.

மூன்று, வாய்க்கால் வேறு. வீட்டு மழைநீர் நிரப்புவது நிலத்தடியை. ஏரி நிரம்புவது அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழையால். உங்கள் குழியில் இறங்கிய தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேராது.

மறுப்பு: 2018-இல் வடகிழக்குப் பருவமழையே பொய்த்துவிட்டது. பெய்யாத மழையை எந்தக் குழியில் சேகரிப்பது?

மூன்று காலும் ஒரு மறுப்பும் கிடைத்துவிட்டன. மறுப்புதான் பலமாகத் தெரிகிறதா? நல்லது, அதுவே உங்கள் முடிவாகலாம். கட்டுரை எழுதும் முன்னரே கட்சி மாறுவது மலிவு, ஐந்தாவது பத்தியில் மாறுவதுதான் செலவு. ஒரு கால்கூடக் கிடைக்கவில்லையென்றால் கோட்டின் கடைசிக்குத் திரும்பி வேறு முரண் எடுங்கள். இதே சென்னைக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2019 ஜூன் வறட்சி என்று இன்னொன்று காத்திருக்கிறது.

2-ஈ. கால் இருக்கிறது, சான்று இல்லை

இதுதான் நேரம் பிடிக்கும். ஆனால் எல்லாச் சான்றுக்கும் நூலகம் போக வேண்டியதில்லை. உங்கள் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். மொட்டைமாடியிலிருந்து எத்தனை குழாய் இறங்குகிறது, அதில் எத்தனை குழிக்குள் போகிறது, எத்தனை தெருவில் விடுகிறது என்று எண்ணுங்கள். குழி மூடியைத் தூக்க முடிந்தால் உள்ளே தெரிவது ஜல்லியா, சேறா, சிகரெட் துண்டா என்று குறியுங்கள். இருபது நிமிட வேலை. தெருவில் பத்து வீட்டை இப்படிப் பார்த்துவிட்டால், உங்கள் கட்டுரையில் வேறெங்கும் கிடைக்காத ஒரு பத்தி உருவாகிவிடும். ஆனால் "எங்கள் தெருவில் பார்த்த பத்து வீட்டில்" என்றே எழுதுங்கள். அதைச் 'சென்னை முழுவதும்' என்று நீட்டினால் நடுவர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

## அறிகுறி 3: இரண்டாம் பத்தியோடு விஷயம் தீர்ந்துவிட்டது

வெட்டு அதிகமாகிவிட்டது. இது அரிது, ஆனால் அறிகுறி 2-ஐ ஒருமுறை சரிசெய்தவர்களுக்கு அடுத்த கட்டுரையிலேயே வரும். பிளாஸ்டிக் பற்றி எழுதச் சொன்னால் 'கோயம்பேட்டு மஞ்சப்பை இயந்திரத்தில் 10 ரூபாய் போட்டால் பை வருவது எப்படி' என்று போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வெட்டை மட்டும் திரும்ப எடுங்கள், எல்லாவற்றையும் அல்ல. இடத்தை எடுத்துவிட்டு ஆளை வைத்தால்: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில். நடுவில் இருந்த மூன்று ஆண்டில் பூக்காரம்மா எதில் பூ கட்டிக் கொடுத்தார், ஏன்? இயந்திரம் இப்போது அந்தக் கேள்விக்குள் ஒரு பத்தியாக அடங்கிவிடும்.

## அறிகுறி 4: குறிப்பு நாற்பது இருக்கிறது, கோர்வை இல்லை

4-அ. எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. தாளை எட்டாக மடித்துக் கிழித்து, துண்டுக்கு ஒரு குறிப்பாக எழுதித் தரையில் பரப்புங்கள். ஒன்றோடொன்று ஒட்டுவதைச் சேருங்கள். மூன்று நான்கு குவியல் வரும். எதிலும் சேராத துண்டுகளை, எவ்வளவு பிடித்திருந்தாலும், ஓர் உறையில் போட்டு மூடிவிடுங்கள். வேறு கட்டுரைக்கு உதவும்.

4-ஆ. ஆண்டு வரிசையைக் கோர்வை என்று எண்ணிவிட்டீர்கள். பள்ளி உணவு பற்றிய கட்டுரைகளில் இது தவறாமல் நடக்கும். 1920-இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் முட்டை, 2022-இல் காலை உணவு. தேதிகள் சரி, ஆனால் இது பஸ் டைம்டேபிள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் 'இதற்கு முன் எது போதவில்லை?' என்று ஒரு வரி எழுதுங்கள். பள்ளிக்கு வரவைக்கச் சோறு, சோறு மட்டும் போதாதபோது சத்து, மதியம்வரை வெறும் வயிறாக உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காலையிலேயே சாப்பாடு என்று தொடர்பு தெரியத் தொடங்கும். பக்கத்தில் வரி எழுத முடியாத ஆண்டைத் தூக்கிவிடுங்கள்.

## அறிகுறி 5: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நூறு பேர் இதையேதான் எழுதியிருப்பார்கள்

'நாட்டின் வளர்ச்சியில் இளைஞர் பங்கு.' இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எல்லோர் மனதிலும் ஒரே ஏழெட்டுக் குறிப்பு வரும். சாட்பாட்டிடம் கேட்டாலும் அதே பட்டியலைத்தான் பளபளப்பாக்கித் தரும். உண்மையில் அதை இப்படிப் பயன்படுத்தலாம், அது தருகிற பட்டியலை 'எழுதக் கூடாதவை' என்று வைத்துக்கொள்வது.

இருபது குறிப்பு எழுதுங்கள். முதல் ஏழை அடித்துவிடுங்கள். எட்டாவதிலிருந்து பன்னிரண்டு வரை திணறுவீர்கள், அங்கே நிறுத்தாதீர்கள். பதின்மூன்றுக்குப் பிறகு சொந்தச் சரக்கு வரும்.

அப்போதும் வரவில்லையென்றால் தலைப்பிலுள்ள பொதுச்சொல்லைப் பிடித்து 'எந்த?' என்று கேளுங்கள். எந்த இளைஞர்? அரசு வேலைக்கான 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கு மேல். வேலை கிடைக்காத அத்தனை பேரும் அடுத்த அறிவிப்பு வரை என்ன செய்கிறார்கள், அந்தக் காத்திருப்பு வளர்ச்சிக் கணக்கில் எங்கே எழுதப்படுகிறது? தலைப்பை விட்டு வெளியே போகவில்லை, ஆனால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

## அறிகுறி 6: தலைப்பு பழமொழியாக வந்திருக்கிறது, பிடி கிடைக்கவில்லை

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று கொடுத்தால் பலர் அதன் பொருளையே ஐந்து விதமாகச் சொல்லிப் பக்கத்தை நிரப்புவார்கள். பொருளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

தாளை மூன்று நெடுவரிசையாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பழமொழி பொருந்தும் துறைகள் நாலு: உரம், சுற்றுலா, தேர்வுப் பயிற்சி, மருந்து. நடுவில் ஒவ்வொன்றுக்கும் 'அளவு' எது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் பழமொழி பொய்யாகும் இடம் ஒன்றாவது வேண்டும். எதற்கு அளவே கிடையாது? நடு வரிசை தானாக நிரம்பும் துறை எதுவோ அதுவே உங்கள் கட்டுரை. மற்றவை ஓரிரு வரியில் வந்து போகட்டும்.

குடிமைப் பணித் தேர்வில் 3 மணி நேரத்தில் 1000–1200 சொல்லில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 125 மதிப்பெண். ஒன்றுக்கு 90 நிமிடம் என்றால் இந்த மூன்று வரிசைத் தாளுக்கு 20 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். 65 நிமிடம் எழுத, 5 நிமிடம் சரிபார்க்க. தேர்வறையில் மற்றவர்கள் கூடுதல் தாள் கேட்கும் சத்தத்துக்குப் பயந்து அந்த 20-ஐ 5 ஆக்கினால், 50-ஆவது நிமிடத்தில் அறிகுறி 2-இல் போய் நிற்பீர்கள்.

## அறிகுறி 7: தலைப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்

இரண்டு முறை மாற்றுவது சகஜம். மூன்றாவது முறை என்றால், எந்தக் கட்டத்தில் மாறுகிறீர்கள் என்று பாருங்கள். சான்று தேடும்போது மாறினால் நியாயம். பட்டியல் போடும்போதே மாறினால் சலிப்புதான், தலைப்பில் பழுதில்லை. கைவசம் இருப்பதில் எதற்கு அடிக்கோடு அதிகமோ அதில் உட்காருங்கள். போட்டிக்கு இன்னும் ஐந்து நாள்தான் என்றால் மாற்றுவதை நிறுத்திவிடுங்கள். சுமாரான தலைப்பில் முடித்த கட்டுரைக்குப் பரிசு கிடைத்திருக்கிறது, பாதியில் நிற்கும் அருமையான தலைப்புக்குக் கிடைத்ததில்லை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

மேலே சொன்னதை இரண்டு சுற்று செய்தும் கேள்வி உருவாகவில்லையென்றால் ஆசிரியரிடம் போங்கள். ஆய்வேடு என்றால் நெறியாளரிடம், அதுவும் இரண்டு வாரத்துக்குள். வெறுங்கையோடு போய் "சார், ஒரு நல்ல தலைப்பு சொல்லுங்க" என்றால் அவர் அலமாரிப் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்புவார், திரும்ப அறிகுறி 2. வெட்டிய கோடு உள்ள தாளைக் கொண்டுபோய், "இதில் மூணாவது கால் நிக்கல, வேற கால் இருக்கா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

சான்றில்தான் சிக்கல் என்றால் மாவட்ட மைய நூலக நூலகரை அணுகுங்கள். 'தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் புத்தகம் இருக்கா' என்று கேட்காமல், '2019 ஜூன், ஜூலை நாளிதழ் கோப்பு பார்க்க வேண்டும்' என்று கேளுங்கள். அரசு அலுவலகத்தில் மட்டுமே இருக்கும் எண்ணிக்கை வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குச் சட்டம் தருகிற கெடு 30 நாள். கட்டுரை தர வேண்டிய கடைசித் தேதி அதற்குள் வந்துவிடும் என்றால் மனுவை எழுதாதீர்கள், அந்தக் காலை எடுத்துவிட்டுத் தெருவில் எண்ணிய பத்து வீட்டை அந்த இடத்தில் வையுங்கள்.